உங்களுக்குத் தெரிந்திருந்தது, மைனி

அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்து எனக்கு அக்காவாகிப்போன ஜெயா மைனிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சபைப் பத்திரிகையில் உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி நம் சபைப் போதகர் ஐயர் கேட்டார். "வேதனையிலயும் சிரிச்ச முகமா இருந்து, வாலிபப் பிள்ளைகளை விசுவாசத்துல நடத்துனாங்கன்னு எழுதுங்கம்மா, வாசிக்கிறவங்களுக்கு ஊக்கமா இருக்கும்" என்றார். சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். உட்கார்ந்து எழுதப் பார்த்தால் கை ஓடவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். ஐயர் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். எனக்கு வாய் நீளம் என்று நீங்கள் சொல்லாத நாள் கிடையாது, இன்றைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் சமைக்கப் பழகிவிட்டான். குழம்பு எல்லாம் ஒரே ருசியில் இருக்கிறது, எது புளிக்குழம்பு எது சாம்பார் என்று அவன் சொன்னால்தான் தெரியும். உங்கள் சேலைகளை யாருக்கும் கொடுக்க விடமாட்டேன் என்கிறான். நான் அதே மருந்துக்கடையில் அதே கவுண்டரில்தான் நிற்கிறேன். மூட்டுவலி ஆச்சிகள் எல்லாரும் உங்களை விசாரித்துவிட்டு, பிறகு ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து நம்முடைய சனிக்கிழமைக் குழுவைப் பற்றித்தான் கேட்பீர்கள். போன சனிக்கிழமை யாரும் வரவில்லை, மைனி. அதற்கு முந்தின சனிக்கிழமையும் யாரும் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளி மாடியைக் கூட்டி, பாயை விரித்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே யாராவது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே கிடக்கிறது. கடைசியில் பாயைச் சுருட்டி வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை ஆலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்குட்டியிடம் கொடுத்துவிட்டு வருகிறேன். அவரும் இப்போது எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதில்லை.

அந்தக் குழு எப்படித் தொடங்கியது என்று நினைவிருக்கிறதா? வாலிபர் கூட்டத்தில் பையன்கள் கீபோர்டும் கிதாருமாக முன்னால் நிற்பார்கள். பெண்பிள்ளைகள் கடைசி வரிசையில் துப்பட்டாவைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டு, ஆசீர்வாதம் கூறியதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். அவர்கள் வாய் திறந்து பேச ஒரு சின்னக் குழு வேண்டும் என்று ஐயரிடம் போய் நின்றது நீங்கள்தான். என்னையும் துணைக்கு இழுத்தீர்கள். எனக்கு என்ன பேசத் தெரியும் என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம்ட்டி. வாய மூடிக்கிட்டுக் கேட்டா போதும். அதுதான் உனக்குக் கஷ்டம்" என்றீர்கள்.

உங்கள் வழியே தனி. யாரும் பிரசங்கம் பண்ணக் கூடாது. வட்டமாக உட்கார வேண்டும். அந்த வாரம் வீட்டில், காலேஜில், பஸ்ஸில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்லி முடித்த பிறகுதான் வேதவசனம். ஒருத்தி அழுதால் உடனே கையைத் தூக்கி ஜெபிக்கத் தொடங்கக் கூடாது, அவள் அழுது முடிக்கட்டும். பக்கோடா மட்டும் உங்கள் சட்டத்துக்குள் வராது. ஜெபித்துவிட்டுச் சாப்பிடலாம் என்று நான் கண்ணைக் காட்டுவேன், உங்கள் வாயில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.

கடைசியில் எல்லாரும் கை கோத்துக்கொள்வோம். ஒருவர் ஜெபித்து முடித்ததும் அடுத்தவர் கையை லேசாக அழுத்த வேண்டும், அவர் தொடர வேண்டும். ஜெபிக்க மனமில்லாதவர் சும்மா அடுத்த கையை அழுத்தி அனுப்பிவிடலாம். ஏன் ஜெபிக்கவில்லை என்று யாரும் கேட்கக் கூடாது. இப்படி ஒரு வழி வைத்திருந்தீர்களே, அதனால்தான் பெனிட்டா அத்தனை நாள் நம்மோடு இருந்தாள்.

பெனிட்டாவைப் பற்றி இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. அவள் அம்மா இங்கே தறிக்கு வேலைக்கு வருகிறவர். காலேஜில் கணக்குப் படிக்கிறாள். எதையும் சட்டென்று ஒப்புக்கொள்ள மாட்டாள். கர்த்தர் எல்லாம் அறிந்தவர் என்றால் நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நீங்கள், "நல்ல கேள்வி மக்கா, எனக்கும் தெரியல" என்பீர்கள். ஜெபத்தில் அவள் முறை வரும்போதெல்லாம் பேசாமல் அடுத்த கையை அழுத்தி அனுப்பிவிடுவாள்.

பிறகு உங்களுக்கு வயிற்றுவலி வந்தது. கேஸ் டிரபிள் என்று சொல்லி என் கடையிலேயே மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தீர்கள். திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் கணையத்தில் புற்று, அதுவும் முற்றிய நிலையில். பிள்ளைகள் சங்கிலி ஜெபம் தொடங்கினார்கள், ஒருத்தி முடிக்கிற நேரத்தில் இன்னொருத்தி தன் வீட்டில் முழங்கால் போடுவாள். அந்தச் சனிக்கிழமை வட்டத்தில் பெனிட்டாவின் முறை வந்தது. நான் அடுத்த கைக்குப் போய்விடும் என்று இருந்தேன். அவள் வாய் திறந்தாள். "ஆண்டவரே, ஜெயா அக்காவ விட்ருங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் செய்த முதல் ஜெபம். அதைப் போனில் உங்களிடம் சொன்னபோது, வலியை மறந்து எப்படி அழுதீர்கள்.

நடுவில் ஒரு வாரம் உங்களுக்குக் கொஞ்சம் தேவலை என்று இருந்தது. வீக்கம் வடிந்தது, இட்லி இறங்கியது. மருந்தின் வேலைதான். பிள்ளைகள் பதில் வந்துவிட்டது என்று துள்ளினார்கள்.

நம் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை ஐயர் பெயர் சொல்லி வாசிப்பது வழக்கம்: பிறந்தநாளுக்காக, புது வீட்டுக்காக, வேலை கிடைத்ததற்காக. நாமும் ஒரு கவர் போட வேண்டும் என்று சொன்னது பெனிட்டாதான். மற்ற பிள்ளைகள் சுகம் கிடைக்க வேண்டி என்று எழுதப் போனார்கள். அவள் தடுத்தாள். "வேண்டின்னு எழுதுனா நம்பலன்னு அர்த்தம்லா? கிடைச்சிட்டுன்னு எழுதுங்க" என்றாள். இதை அவளாகவா சொன்னாள்? பெறுவதற்கு முன்பே நன்றி சொல்வதுதான் விசுவாசம் என்று பாயில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது நாம்தானே. எந்தக் கேள்வியையும் விடாத பிள்ளை, நாம் சொன்னதை முதல்முறையாக அப்படியே பிடித்துக்கொண்டாள்.

அவர்கள் கவர் எழுதிய அந்த வாரம் வெள்ளிக்கிழமைதான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். அந்த அறையில் நீங்கள், அண்ணன், நான் மூன்று பேரும் இருந்தோம். இனி சிகிச்சை எதுவும் வேண்டாம், வீட்டில் வைத்துப் பிடித்ததைக் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். நீங்கள் டாக்டருக்கு நன்றி சொன்னீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஐயர் வாசித்தார்: "சகோதரி ஜெயா பூரண சுகம் பெற்றதற்காக, வாலிபப் பெண்கள் குழு." சபையே ஸ்தோத்திரம் என்றது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் என்ன செய்வேன், எழுந்து நின்று இல்லை என்று கத்துவேனா?

அன்று சாயங்காலம் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீங்கள் என்னிடம் சீப்பு கேட்டீர்கள். தலை சீவி, நல்ல சேலை உடுத்தி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். இப்போ எப்படி இருக்கு அக்கா என்று கேட்டது பெனிட்டா. "நல்லாருக்கேன் மக்கா. பாக்கயல்லா" என்றீர்கள். அந்தப் பிள்ளையின் முகத்தை நானும் பார்த்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தை அதில் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

அவர்கள் போனதும் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "ஏட்டி எஸ்தர், அதுகள்ட்ட எதுவும் சொல்லிராத. இப்பதான் அந்தப் பிள்ள வாய் திறந்து ஜெபிக்கா" என்றீர்கள்.

"மைனி, அது பொய்லா?"

"பொய்யில்லட்டி, விசுவாசம்."

"அப்ப சுகமாயிரும்னு நீங்க நம்புதீங்களா?"

தண்ணீர் கேட்டீர்கள். கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். நானும் திரும்பக் கேட்கவில்லை.

அடுத்த மாதமே உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பிள்ளைகள் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். யாரும் அழக்கூட இல்லை, என்ன நடந்தது என்றே அவர்களுக்குப் புரியவில்லை. நல்லாயிருக்கேன் என்று சொன்ன ஆளைத்தானே பெட்டியில் பார்க்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பிக் காபி கொடுக்கும்போது, சபையில் ஊழியம் செய்கிற ஒரு அம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஜெபம் அடைபட்டுப் போச்சு. கூட்டத்துல எவளோ ஒருத்தி சந்தேகப்பட்டிருக்கா. ஒரு ஆள் அவிசுவாசம் போதும்லா, எல்லாத்தையும் கெடுக்கதுக்கு." பெனிட்டா தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றாள். நான் அதைக் கவனித்தேன். அது அவளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. குழுவுக்கும் இல்லை, ஆலயத்துக்கும் இல்லை. போன் போட்டால் எடுக்க மாட்டாள். பரீட்சை, படிப்பு என்று மற்றவர்கள் சொன்னதை நானும் நம்பிக்கொண்டேன். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கழிந்த பிறகு ஒருநாள் அவள் அம்மா தறியிலிருந்து நேரே கடைக்கு வந்தார், தலைமுடியெல்லாம் பஞ்சு. "பிள்ள சரியா சாப்பிட மாட்டேங்கா. பேச்சுமில்ல. மனசுல என்னமோ வச்சிருக்கா. நீங்க ஒருக்கா வந்து பேசுங்களேன்" என்றார். மறுநாளே கரிவலத்துக்கு பஸ் ஏறினேன்.

மெலிந்துபோயிருந்தாள், மைனி. வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க அக்கா என்றாள், முகத்தைப் பார்க்கவில்லை. குழுவுக்கு வரச் சொல்லி நான் கூப்பிட வரவில்லை, சும்மா பார்க்க வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் துணியையே உதறிக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகச் சொன்னாள்.

"கவர் போட்டோம்லா, அதுக்கு மறுநாள் காலேஜ் பஸ்ல போகும்போது ஒரு நிமிஷம் தோணிச்சு அக்கா. இது நடக்காது, அக்கா செத்துருவாங்கன்னு. உடனே மன்னிப்பு கேட்டேன். ஆனா தோணிட்டுலா? அந்த அம்மா சொன்னது என்னயத்தான். நான்தான் கெடுத்தேன்."

அந்தப் பிள்ளை உங்களைக் கொன்றது தான்தான் என்று நம்பிக்கொண்டு இத்தனை மாதம் இருந்திருக்கிறாள். சாப்பிடாமல், தூங்காமல், யாரிடமும் சொல்லாமல். இதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படி வாயை மூடியிருப்பேன்? நீங்கள் சொல்லாதே என்றீர்கள்தான். சொன்னேன். கவர் வாசிப்பதற்கு முன்பே டாக்டர் கைவிரித்துவிட்டார், உன் சந்தேகத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றேன். கேட்டதும் அவள் பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். நான் முட்டாள்.

"அப்ப ஜெயா அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நாங்க வீட்டுக்கு வந்தப்பயுமா?"

"ஆமா மக்கா."

"தெரிஞ்சுகிட்டே நல்லாருக்கேன்னு சொன்னாங்களா? அதக் கேட்டு நான் அன்னைக்கு முழங்கால்ல நின்னு நன்றி சொன்னேன் அக்கா." அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "நான் நம்புனது அக்காவத்தான். அக்கா நம்புனதால சாமிய நம்புனேன். இப்ப நான் யார நம்ப?"

நீங்களாவது சொல்லுங்கள், என்ன சொல்லியிருக்க வேண்டும்? இனிமேல் வராதீங்க அக்கா என்றாள். அவள் அம்மா டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

அவள் மற்ற பிள்ளைகளிடமும் சொல்லியிருக்கிறாள். சொல்லத்தானே செய்வாள். ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். சிவகிரியிலிருந்து வருகிற பிள்ளை மட்டும் கொஞ்ச நாள் வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வட்டமாக உட்கார முடியாமல் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளுக்கும் வேலை கிடைத்து ராஜபாளையம் போய்விட்டாள். ஐயர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சொன்னது உண்மைதாம்மா. ஆனா எல்லா உண்மையையும் எல்லார்ட்டயும் சொல்லணுமா?" என்று கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார், கோபமாகக்கூட இல்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம், மைனி. இறந்துபோனவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள், ஆனால் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் விசுவாசத்தைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். பெருமைக்காகச் செய்யவில்லை. ஆனால் எனக்கும் தெரியலை மக்கா என்று சொல்லித்தானே அவளைச் சேர்த்துவைத்திருந்தீர்கள். எந்த நேரத்தில் அதைச் சொல்ல வேண்டுமோ அந்த நேரத்தில் ஏன் சொல்லவில்லை? சாகப்போகிறேன், என்னோடு இருங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் ஓடியா போயிருப்பார்கள்? நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், நான் இங்கே காலிப் பாயோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஜெபம் வருவதில்லை. ஆலயத்தில் எல்லாரும் முழங்கால் போடும்போது நானும் போடுகிறேன். மனசு கடையில் எந்த மருந்து தீர்ந்துபோனது என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. பாட்டு வந்தால் வாயசைக்கிறேன். வாலிபப் பெண்களை விசுவாசத்தில் நடத்தும் பொறுப்பில் இருக்கிறவள் இப்படி எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதாமல் மறைத்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

போன வியாழக்கிழமை கடையில் கூட்டமாக இருந்த நேரத்தில் போன் அடித்தது. பெனிட்டா. மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தவர்களைப் பக்கத்தில் இருந்த பையனிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். அவள் நலம் விசாரிக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் அக்கா. பொய் சொல்லக் கூடாது. கடைசில ஜெயா அக்கா ஜெபம் பண்ணுனாங்களா?"

நீங்கள் போன அன்று மத்தியானம் வீட்டில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். நடந்ததை அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை. ரோட்டோரம் நின்று அதை அவளிடம் சொன்னேன். உங்களுக்கு ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். "எனக்குப் பயமா இருக்குட்டி. ஜெபம் வரல. நீ பண்ணு" என்றீர்கள். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. வரல மைனி என்றேன். "சரி, அப்ப போயிராத, இங்கனயே இரு" என்றீர்கள். இருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

போனில் அழுகை கேட்டது. நீங்கள் போனதிலிருந்து அவள் அழவே இல்லை என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். அவள் அழுது முடிக்கட்டும் என்று நின்றேன். பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்காவுக்கும் வரலயா" என்று மட்டும் கேட்டாள். ஆமா என்றேன். குழுவுக்கு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வருவாள் என்று நானும் நினைக்கவில்லை. உன்னைப் பற்றிச் சபைப் பத்திரிகையில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க. அந்த அம்மாவும் வாசிக்கட்டும்" என்றாள்.

ஐயர் கேட்ட மாதிரி சிரித்த முகம் என்று எழுத என்னால் முடியவில்லை, மைனி. உங்களை நல்லவராகக் காட்ட ஒரு பொய்யும் இனி சொல்ல மாட்டேன், அது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு. உன் சந்தேகத்தால்தான் ஒருவர் செத்தார் என்று எந்தப் பிள்ளையிடமும் யாரும் சொல்ல விடமாட்டேன், அதற்கு என் நீள வாய் போதும். என்றைக்காவது ஒருத்தி வந்து, ஜெபிக்க வரவில்லை அக்கா என்று நின்றால், முயற்சி பண்ணு என்று சொல்ல மாட்டேன். எங்கள் மைனிக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

எழுந்து போகாத உங்கள் நாத்தனார்,
எஸ்தர்
சங்கரன்கோவில்